ஊறாத விதையும் நூறில் ஒன்று

1

இந்தக் கதை என் ஆத்திரத்தில் பிறந்தது. ஐந்து தொட்டிகளில் சங்குப்பூ விதை போட்டேன், ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. விற்றவர்களை ஒரு பிடி பிடிக்கும் முன் ஆதாரம் வேண்டுமே என்று விதைப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்பவளை எல்லோரும் ‘நூறு’ என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த விதையையும் நூறு நூறாக எண்ணிப் பிரிப்பவள் என்பதால் அந்தப் பெயர்.

[முதலில் எழுதிய தொடக்கம்: விதை தன் கனவுக்குள் உறங்கிக்கொண்டி—

அவளிடம் படித்துக் காட்டினேன். “உறக்கமும் இல்ல, கனவும் இல்லங்க. தோலு கெட்டி. தண்ணி உள்ள போகல, அவ்வளவுதான்.” அடித்துவிட்டேன்.]

2

சங்குப்பூவை மருந்துக்காகப் பயிரிட ஒரு விவசாயிகள் சங்கம் காத்திருந்தது. நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வழி கண்டுபிடித்தால் அவள் செய்துவந்த ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் அதை மூடிவிட்டு அவளைக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அப்படியே விதைத்த நூறில் பதினெட்டு முளைத்தது. உப்புத்தாளில் தேய்த்ததில் அறுபத்து நான்கு. வெந்நீர் ஊற்றி மறுநாள்வரை ஊறவைத்ததில் தொண்ணூற்றிரண்டு! மேலதிகாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை அறிக்கை போவதாக ஏற்பாடு.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல விளம்பரம் ஆகியிருக்கும்.*

* இந்த இடத்தில் ஒரு வில்லனைக் கொண்டுவர நினைத்தேன். கிடைத்தது ஒரு கிண்ணம் பயறுதான்.

3

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கணவர் ஊறிய பயறைக் கிளறி, ஊறாததைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏங்க, எதுக்கு அதை எடுக்கறீங்க?”

“நீதானே சொல்லிக் குடுத்த? கல்லு மாதிரி இருக்கு, பல்லு போயிடும்.”

அவள் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தாள். பரிசோதனைக்கூடத்திலும் அதையேதான் செய்திருந்தாள். ஒரு கை விதையில் வெந்நீர் ஊற்றி, மறுநாள் ஊறாததைப் பொறுக்கி எறிந்துவிட்டு, உப்பியதில் மட்டும் நூறை எண்ணித் தட்டில் வைத்திருந்தாள். சமையலறைக் கைப்பழக்கம். எறிந்தது எத்தனை என்று அவளுக்கே தெரியாது.

திங்களன்று மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள்.

“யாரும்மா வந்து பாக்கப் போறாங்க?”

“விதைக்கிறவங்க பாப்பாங்க சார். பாத்தி பாத்தியா காலியாக் கிடக்கும். பதினஞ்சு நாள் குடுங்க. இந்தத் தடவை எண்ணிட்டுத் தண்ணி ஊத்தறேன்.”

முறைத்துக்கொண்டேதான் கொடுத்தார்.

மறைப்பானேன், எனக்கு அவள்மேல் மலைப்பு. நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு தொண்ணூற்றிரண்டோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

4

முடிவு அ: எண்பத்தைந்து. எல்லோரும் கைதட்ட, அவள்— [வேண்டாம். அவளுக்கே சிரிப்பு வரும்.]

முடிவு ஆ: எழுபத்தொன்று. கிடங்கில், சாக்குகளுக்கு நடுவே— [இதுவும் வேண்டாம். உங்களை அழவைக்க நான் போடும் திட்டம் இது.]

பதினைந்தாம் நாள் போனேன். இம்முறை லேசாக உப்புத்தாளில் தேய்த்து, அதன் பிறகு வெந்நீர். எண்ணிய நூறும், ஊறியது ஊறாதது எல்லாம், பத்துப் பத்தாகத் தட்டில் இருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

“எத்தனை தேறும்?”

“எண்ணி முடிக்காம சொல்ல மாட்டேங்க.”

எட்டு வரிசை முடிந்தபோது முளைத்தவை அறுபத்து மூன்று. இன்னும் இரண்டு வரிசை. அவள் இடுக்கியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தாள். அப்போது நான் வெளியே வந்துவிட்டேன். வேண்டுமென்றேதான்.

மிச்சம் இருபதையும் நீங்கள் எண்ணுங்கள். அவள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும்தான் ஆசை. அதற்காகக் கல்லாய்க் கிடக்கும் ஒன்றைக்கூட ஒதுக்கிவிடாதீர்கள். அவள் மன்னிக்க மாட்டாள்.