மூத்தவன்

அப்பாவின் சட்டையில் மூன்றாவது பொத்தானை அவள் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. குதிரைப் பண்ணை மேனேஜர். உடம்பைப் பார்த்து ஒரு கும்பிடு, அவளைப் பார்த்து ஓர் இருமல்.

"அந்தச் சட்டைய துவைச்சிடாதீங்கம்மா. கொஞ்சம் வேணும்."

அத்தைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என் தம்பிய இன்னும் குளிப்பாட்டவே இல்ல. அதுக்குள்ள சட்டையா?"

"பெட்டைக்குதிரை ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கு. பருவம் இன்னிக்கோட போயிடும். இவர் வாசனை இல்லாம நம்ம குதிரை ஏறாதே. அவரே எத்தனை தடவை சொல்லியிருக்காரு!"

சொல்லியிருக்கிறார்தான். சொல்லாத நாளே கிடையாது. அந்தக் குதிரை ஓடியது பதினாறு பந்தயம், ஜெயித்தது பதிமூன்று. முன்னங்கால் நரம்பு வீங்கி ஓட்டம் நின்றதும் இனவிருத்திக்கான பொலிகுதிரையாகப் பண்ணைக்கு வந்தது. லாயத்தைப் பார்த்துக்கொண்ட அப்பா அதை 'மூத்தவன்' என்றே கூப்பிட்டார். பெற்ற பெண் வீட்டில் இருக்க, அவளுக்குப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த குதிரை மூத்தவனாம்! அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்த அன்றும் ஒரு பெட்டைக்குதிரை வந்திருந்தது. "நான் இல்லாட்டி அவன் ஏறமாட்டான்மா" என்று போனில் சொன்னார். அம்மா கதவையே பார்த்தபடி போய்ச்சேர்ந்தாள். அப்பாவை மகள் மன்னித்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அது மட்டும் பொய்யாகிவிடக் கூடாது.

"நானே கொண்டு வர்றேன்" என்றாள்.

ஜீப்பில் சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். வைக்கோலும் வியர்வையும் கலந்த வாடை. ஏறமாட்டேன்னு நில்லுடா, இதை மோந்து பார்க்கிற வரைக்கும் அசையாம நில்லு என்று வழியெல்லாம் குதிரையிடம் கெஞ்சினாள்.

பண்ணை முற்றத்தில் கால்நடை டாக்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு உதவியாகச் சேர்ந்து எட்டே நாளான புது லாயக்காரர் பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தார்.

"வேலை முடிஞ்சிருச்சு சார்! சும்மாதான் கயித்தைப் பிடிச்சு கூட்டிட்டுப் போனேன். மூணு நிமிஷம்கூட ஆகல. இவ்வளவு சாதுவான குதிரைய நான் பார்த்ததே இல்ல!"

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "பெரியவர் இத்தனை வருஷம் நம்ம காதுல நல்லா பூ சுத்தியிருக்காரு, பாத்தீங்களா டாக்டர்?" பிறகுதான் அவள் நிற்பது நினைவுக்கு வந்தது. "சட்டை வேண்டாம்மா. எடுத்துட்டுப் போங்க."

அவள் போகவில்லை. நேரே லாயத்துக்குள் நடந்து சட்டையைக் குதிரையின் மூக்கருகே நீட்டினாள். அது ஒரு தரம் மோந்தது. ஒரு தும்மல் போட்டது. பிறகு தீவன வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டது.

அவள் வீட்டுக்குத் திரும்பியபோது அத்தை தண்ணீர் வாளியோடு காத்திருந்தாள்.

"என்னடி ஆச்சு? ஏறுச்சா?"

"சட்டைய காட்டினப்புறம்தான் அத்தை. அதுவரைக்கும் யாரையும் கிட்டயே விடல."

"பின்ன? என் தம்பி வளர்த்ததாச்சே." அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அந்தச் சட்டையவே போட்டு அனுப்பிடுவோம்."

"சரி அத்தை" என்று வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். சட்டையில் ஒட்டியிருந்த பழுப்புக் குதிரை மயிர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தாள்.