பக்கத்து வீட்டுக்காரர்களின் குறை

இருபத்து மூன்று வீடுகளிலும் ஐந்துக்கு ஐந்து. மருத்துவமனையில் எப்படிப் பார்த்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு அவள் நிரப்பிய படிவங்களைப் புரட்டிய மேலாளர், உட்கார்ந்த இடத்திலேயே எழுதினாயா என்று கேட்டுவிட்டார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் வேலையாகத் தையல்காரம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

தையல்காரம்மா துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டு, மின்விசிறியையும் அவள் பக்கம் திருப்பினாள். மறுபடி கேட்டதற்கும் அதே பதில்தான். நன்றாகப் பார்த்தார்கள், குறையே இல்லை. உள்ளறையில் கணவர் கட்டுப் போட்ட காலை நகர்த்த முடியாமல் முனகிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நெசமாவே குறையில்லையா?"

"வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீங்க. உங்ககிட்ட போய் எப்படிம்மா குறை சொல்றது?"

அவள் பேனாவை உருட்டினாள். எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. பிறகு சும்மா கேட்பதுபோல், பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த மருத்துவமனைக்குப் போனால் எப்படிப் பார்க்கிறார்கள் என்றாள்.

அவ்வளவுதான், தையல்காரம்மா பிடித்துக்கொண்டாள். பாவம், மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்களாம். சீட்டு எழுதுகிறவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம். புண்ணைப் பிரித்தே பார்க்காமல் அடுத்த வாரம் வா என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்களாம்.

"விரலெல்லாம் கறுத்துப்போச்சு. இவரு வலி தாங்காம..."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாத்தி எழுதட்டுமாக்கா?"

"ஒண்ணு போட்டா அந்த டாக்டர் மனசு சங்கடப்படும். ரெண்டு போடுங்க."

ரெண்டு போட்டாள். படிவத்தை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்க் காலைப் பார்த்தாள். உடனே வண்டி கூப்பிட்டு, இருவருமாக அவரைத் தாங்கி ஏற்றி, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார்கள் அங்கே. இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது.

மற்ற இருபத்து இரண்டு வீடுகளுக்கும் அவள் திரும்பப் போனாள். எல்லோரும் சௌக்கியம்தான். எல்லோருடைய பக்கத்து வீட்டுக்காரர்களும்தான் பாவம், என்ன பாடு பட்டிருக்கிறார்கள்!

அவள் எழுதி வந்த அத்தனையையும் மேலாளர் நின்றபடியே படித்தார். இதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் இல்லையே என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிய கேள்வியையும் சேர்த்து அச்சடியுங்கள், அப்புறம் அடுத்த தெருவுக்குப் போகிறேன் என்றாள் அவள்.

"பாக்கலாம்மா" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? மறுநாளும் போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றாள்.