நாற்பத்தொரு கிலோவுக்குத்தான் காணும்

ஸ்கேன் சென்டரின் கழிவறையில் பெருமாயி தன் புருஷனின் வேட்டியைத் தளர்த்தி, இடுப்பைச் சுற்றி ஈரிழைத் துண்டால் இரண்டு இரும்பு எடைகளைக் கட்டினாள். தறியில் பாவு தொய்யாமலிருக்கத் தொங்கவிடுபவை. ஒவ்வொன்றும் இரண்டு கிலோ. ஜலகண்டாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நாற்பது கிலோவுக்குக் கீழே போனால் இனி கீமோ ஏற்ற முடியாது என்று டாக்டர் போன மாதம் சொல்லியிருந்தார். அன்றைக்கு நாற்பதரை.

"சில்லுனு இருக்குது புள்ள," என்றார் தீர்த்தகிரி.

"கம்முனு நில்லுங்க. குனிஞ்சு கினிஞ்சு தொலைச்சுறாதீங்க."

எடை மிஷின் 41.8 காட்டியது. அதைக் குறித்துக்கொண்ட டெக்னீஷியன் தனப்பிரியா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஸ்கேனுக்கு முன்னால் போடும் ஊசி மருந்தின் கதையைச் சொல்லிவிடுவாள்.

"பெங்களூர்ல ஒரு மிஷினுங்க. அணுவுக்குள்ள இருக்கற துகளை வட்டவட்டமா சுத்தவிட்டு, வேகம் ஏத்தி, தண்ணியில கொண்டுபோய் மோதவிடும். அதுல வர்றதைச் சர்க்கரையோட சேர்த்து அனுப்பறாங்க. கட்டி எங்க ஒளிஞ்சிருந்தாலும் காட்டிக் குடுத்துரும். ஒண்ணுதான், ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாதி போயிரும். அப்பறம் அதுல பாதி. எடுத்து வெக்கவே முடியாதுங்க."

எதிர் நாற்காலியில் சேலம் கோட்டையிலிருந்து வந்த ஷாஜாதி, மகன் நயீமின் தோளில் சாய்ந்திருந்தாள். ஸ்கேனுக்காக ராத்திரியிலிருந்து அவளும் பட்டினி, தீர்த்தகிரியும் பட்டினி.

பெங்களூர் ரோட்டில், தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஏழு மணிக்கு வரவேண்டிய மருந்தின் ஈயப்பெட்டி பதினொன்றே காலுக்குத்தான் வந்தது. உள்ளே போய் அளந்துவிட்டு வந்த தனப்பிரியா இப்போது கதை எதுவும் சொல்லவில்லை.

"ஒருத்தருக்குத்தான் தேறும். எடைக்குத் தக்கனதான் ஊசி, இருக்கறது நாப்பத்தொரு கிலோவுக்குத்தான் காணும். ஷாஜாதிம்மா சரியா நாப்பத்தொண்ணு, அவங்க போகட்டும். உங்களுக்குப் பத்து நாள் கழிச்சுத்தாங்க."

பத்து நாள். காலையில் சட்டைப் பித்தான் போடவே மூச்சு வாங்கியவர். ஸ்கேன் இல்லாமல் கீமோ இல்லை. உண்மை எடையைச் சொல்ல வாயைத் திறந்தாலும் கீமோ இல்லை. டாக்டர் மனுஷன்தானே, காலைப் பிடித்துக் கெஞ்சலாம். பெட்டிக்குள் கரைந்துகொண்டிருப்பதிடம் என்ன கெஞ்ச முடியும்? எல்லோர் முன்னாலும் பெருமாயி புருஷனின் இடுப்புக்குள் கைவிட்டுத் துண்டை உருவினாள். டைல்ஸில் இரும்பு விழுந்த சத்தத்தில் நயீம் திடுக்கிட்டான்.

"இப்ப நிறுத்துப் பாரு சாமி. இவருக்குக் கம்மியாத்தான் வேணும். இவருக்கே போட்டுரு கண்ணு."

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க! நீங்க காட்டின எடைக்குத்தானே கணக்குப் போட்டேன்?"

அவரை மறுபடி மிஷினில் ஏற்றினாள். 37.8. தனப்பிரியா டாக்டருக்குப் போன் போட்டாள். "ஆமா சார்... முப்பத்தேழு புள்ளி எட்டு... சரிங்க சார்." போனை வைத்துவிட்டுப் பெருமாயியைப் பார்க்காமல் பேசினாள்.

"இந்த எடைக்கு இனி கீமோ கெடையாதாம். ஏத்தாத மருந்துக்கு ஸ்கேன் எதுக்குன்னு கேக்கறாருங்க. அவங்களுக்கே போடச் சொல்லிட்டாரு."

"நான் பேசறேன் சாமி, ஒரே வார்த்தை..."

"அக்கா, பேசப் பேச மருந்து போயிட்டே இருக்குது," என்றான் நயீம். அம்மாவைத் தூக்கி நிறுத்தினான். ஷாஜாதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கீழே கிடந்த இரும்பைத் தாண்டி உள்ளே போனாள். கனத்த கதவு மூடியது.

"நீங்க இனி சாப்பிடலாங்க," என்றாள் தனப்பிரியா.

தீர்த்தகிரியை யாரும் இறங்கச் சொல்லவில்லை. மிஷின் மேலேயே நின்றிருந்தார். குனிந்து எண்ணைப் பார்த்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, கன்னம் உப்ப அடக்கிக்கொண்டார். எண் துடித்தது. 37.9. அப்புறம் மறுபடியும் 37.8.