நடுவில் ஒரு ஜாயிண்ட்

என் கையால் போட்ட வயரிங் எதையும் இருபத்தெட்டு வருஷத்தில் நான் திரும்பப் பிடுங்கியதில்லை. இதை என் வாயால் கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. சிலர் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று என் மனைவி சொல்வாள். போகட்டும். ஒழுங்காக வேலை செய்கிற எலக்ட்ரீஷியன் அதைத் தானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? சுவருக்குள் ஓடும் வயரை எவன் எட்டிப்பார்த்துப் பாராட்டுவான்?

என் மனைவி பல் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் பொருத்துகிற பல்லை அவர்களுக்குச் செய்து கொடுப்பவள். வீட்டுக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி முப்பத்தைந்து எட்டு வைத்தால் அவளுடைய பட்டறை. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே பல்லைச் சுடுகிற ஒரு சின்ன உலை, பல் கடைகிற மெஷின், தூசியை இழுக்கிற மோட்டார், ஒரு கம்ப்யூட்டர். முன்பெல்லாம் நோயாளி கடித்துக் கொடுத்த அச்சு டப்பாவில் வரும். இப்போது டாக்டர்கள் வாய்க்குள் கேமராவை விட்டுச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து ஃபைலாக அனுப்பிவிடுகிறார்கள். நெட் இருப்பதோ வீட்டுக்குள். வைஃபை பின்வாசல் படியோடு நின்றுவிடும். அதனால் அவள் ஃபைலை வீட்டில் இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, பட்டறைக்கு நடப்பாள். டாக்டருக்கு ஒரு சந்தேகம் என்றால் மறுபடி வீட்டுக்கு நடை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது முற்றத்தை அளப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பெரிய கிளினிக்கின் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுப் பேசினார். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே ஸ்கேன் வரும். இவள் பட்டறையில் இருந்தபடியே பல்லை வடிவமைத்து வீடியோ காலில் காட்ட வேண்டும். நோயாளி பார்த்துத் தலையாட்டினால் உடனே கடைய ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் நோயாளி. அது நன்றாக நடந்தால் அந்தக் கிளினிக்கின் முன்பல் வேலை முழுவதும் இவளுக்கு. நடுவில் லைன் அறுந்தால் பெரிய லேபுக்குப் போய்விடும்.

முன்பல் என்பது அவள் தொழிலில் கௌரவம். பன்னிரண்டு வருஷமாக அவளுக்குக் கடைவாய்ப் பல்தான் வந்துகொண்டிருந்தது. யார் கண்ணிலும் படாத பல். முன்பல்லை நம்பிக் கொடுக்க யாரும் துணியவில்லை, இந்த டாக்டரம்மாவைத் தவிர. அன்று சாயங்காலம் அவள் கண்ணாடி முன் நின்று தன் முன்பற்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம் வந்து, நெட்வொர்க் போடுகிறவர்கள் யாரையாவது கூப்பிடலாமா என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவன் வந்து என் வீட்டுச் சுவரில் ட்ரில் வைப்பதா? "வயரு வயருதான். அதுல கரண்டு போனா என்ன, உன் பல்லு போனா என்ன?" என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். பட்டறைக்குக் கரண்டு கொண்டுபோக முன்பே நான் புதைத்த பைப் தரைக்கடியில் இருந்தது. அதிலேயே நெட்வொர்க் கேபிளையும் இழுத்துவிட்டேன். கரண்டு வயரோடு மற்ற வயரைச் சேர்த்துப் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான்தான். ஆனால் புதுப் பைப் புதைக்க வேண்டுமானால் முற்றத்துச் சிமெண்ட் தரையை உடைக்க வேண்டும். போன வருஷம்தான் மட்டம் பார்த்துப் பார்த்து நான் போட்ட தரை. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு கை தண்ணீர் நிற்காது. அதன்மேல் சுத்தியலை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேபிள் வேறு நாலு முழம் குறைந்துபோனது. கடை சாத்தியிருந்தது. வீட்டில் ஒரு துண்டு கிடந்தது. முற்றத்தின் நடுவில் உள்ள ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து, எட்டு வயரையும் நிறத்துக்கு நிறம் சேர்த்து முறுக்கி, தனித்தனியாக டேப் சுற்றி, மேலே ஒரு சுற்றுச் சுற்றி மூடினேன். என் ஜாயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தாலும் வராது. அன்று போட்டது அதிலும் அழகு. மூடியை மாட்டும்போது மூட மனமில்லாமல் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு முனையிலும் செருகுவதற்கான பிளக்குகள், பழைய கேபிள்களில் இருந்து வாலோடு வெட்டியவை. அவற்றையும் அப்படியே முறுக்கிச் சேர்த்தேன். செருகியதும் கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. என் தொழிலில் விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திங்கட்கிழமை கிளினிக்கிலிருந்து ஒத்திகைக்காக ஒரு ஃபைல் அனுப்பினார்கள். காலையில் ஏதோ வந்தது. உலையையும் மோட்டாரையும் போட்டதும் நொண்ட ஆரம்பித்தது. நாற்பது நிமிஷம் ஆகியும் பாதி வரவில்லை. வீடியோவில் டாக்டரம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. என் மனைவி எழுந்து வீட்டுக்கு வந்து, பென் டிரைவை எடுத்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டிப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விளக்கு எரிகிறதே என்றேன். எரிகிறது, ஃபைல் வரவில்லையே என்றாள். நான் நெட் கம்பெனியைக் குறை சொன்னேன். ரவுட்டரைக் குறை சொன்னேன். தகரக் கூரை சூட்டையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து கேட்டாள்.

"கேபிள்ல நடுவுல எங்கயாவது ஒட்டுப் போட்டிருக்கீங்களா?"

"இல்லை" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். திருப்பி ஒரு கேள்வி இல்லை, ஒரு சந்தேகப் பார்வை இல்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாயங்காலம் டாக்டரம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். நீங்க போட்ட லைன்ல குறை இருக்காது. என் கம்ப்யூட்டர்தான் பழசு. நானும் பழசுதான். முன்பல்லெல்லாம் நமக்கு எதுக்கு, வந்தவரைக்கும் போதும்."

என் மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கையை வைத்தே அவள் தன்னைக் குறைத்துக்கொண்டாள். மூன்று நாளாக நான் பூசி மெழுகியதற்கு அவள் தன் தலையைக் கொடுக்கிறாள். எழுந்து போய்க் கையைக் கழுவினேன். கழுவிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"நடுவுல ஒரு ஜாயிண்ட் இருக்கு."

திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. "நேத்து பொய் சொல்லிட்டேன். ரெண்டு முனையிலயும்கூட ஒட்டுத்தான். கரண்டு வயரோட சேத்துத்தான் இழுத்திருக்கேன்" என்று மிச்சத்தையும் கொட்டிவிட்டேன்.

அவள் சொன்னாள். "அந்த ஒட்டை வெட்டி எடுத்துட்டு வாங்க. பாப்போம்."

வெட்டிக்கொண்டு போனேன். பட்டறையில் அவள் பல்லைப் பார்க்கிற பெரிய பூதக்கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, டேப்பைச் சின்னக் கத்தியால் பிரித்தாள். பரீட்சைப் பேப்பரைத் திருத்தக் கொடுத்துவிட்டு நிற்கிறவன் மாதிரி நின்றேன். ஜாயிண்ட் ரொம்ப அழகாக இருக்கிறது என்று முதலில் சொன்னாள், மனதாரத்தான் சொன்னாள். அப்புறம் கேபிளை விரலால் தடவிக் காட்டினாள். இந்த எட்டு வயரும் இரண்டு இரண்டாக முறுக்கிக்கொண்டு வருகின்றன. ஒட்டுப் போடுவதற்காக நான் ஒரு சாண் நீளத்துக்கு முறுக்கைப் பிரித்திருக்கிறேன். செய்தவன் அந்த முறுக்கைச் சும்மாவா வைத்திருப்பான் என்று கேட்டாள். எடுத்து வைக்க வசதியாக இருக்கட்டும் என்று முறுக்கியிருக்கிறார்கள் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.

"பல்லு எவ்ளோ அழகா இருந்தாலும், கடிக்கும்போது ஒரு மயிரிழை தூக்கிட்டு நின்னா நான் உடைச்சிட்டு மறுபடி செய்வேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தொழில் பேசுகிற குரல். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னிடம் தொழில் பேசி நான் வாயை மூடிக்கொண்டு கேட்டது அன்றுதான்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரருக்கு வயரைப் பற்றி நான்தான் வழக்கமாகப் பாடம் எடுப்பேன். அன்று, இதை எப்படிப் போட வேண்டும் என்று கேட்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். ஒரே நீளமாகப் போட வேண்டும், நடுவில் தொடக் கூடாது. தனிப் பைப், கரண்டு வயரை விட்டு ஓர் அடியாவது தள்ளி, இல்லாவிட்டால் மோட்டார் ஓடும்போது நெட் நொண்டும். மண்ணுக்கடியில் போகிற கேபிள் வேறு, வீட்டுக்குள் போகிற கேபிள் வேறு. முனையில் புதுப் பிளக் வைத்து அதற்கான இடுக்கியால் அழுத்த வேண்டும். சொன்னதையே இரண்டு தடவை சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு தடவையும் கேட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் தரையை உடைத்தேன். முதல் அடிதான் கஷ்டமாக இருந்தது. பத்தாவது அடியில் பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலே தலையை நீட்டி, என்ன, பிடுங்குகிறீர்களா என்று கேட்டார். தண்ணீர்ப் பைப்பில் ஏதோ கோளாறு என்று வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினேன். மனைவியிடம் உண்மையைச் சொல்லியாயிற்று, தெருவுக்கு எதற்கு?

மத்தியானத்துக்குள் பைப் இறங்கிவிட்டது. ஒரே நீளமாகக் கேபிளும் போய்விட்டது. முனையில் பிளக் வைப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். எட்டு மெல்லிய வயரையும் வரிசை மாறாமல், முறுக்கை அதிகம் பிரிக்காமல், ஒரு நகத்தளவு பிளக்குக்குள் நுழைக்க வேண்டும். என் விரல்கள் தடித்த வயருக்குப் பழகியவை. நாலு பிளக்கை வீணாக்கினேன். ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் இடுக்கியால் ஒவ்வொரு வயராகப் பல்லை அடுக்குகிற மாதிரி அடுக்கி, வெட்டி, ஒரே தள்ளில் நுழைத்து என்னிடம் நீட்டினாள். அழுத்தியது நான். மறுமுனையும் அப்படியே.

உலையைப் போட்டாள். மோட்டாரைப் போட்டாள். கடைகிற மெஷினையும் ஓட விட்டாள். திங்கட்கிழமை நொண்டிய அதே ஃபைலை மறுபடி இறக்கினாள். நாற்காலியை இழுத்து உட்கார்வதற்குள் வந்துவிட்டது. நம்பாமல் இன்னொரு தடவை இறக்கினாள். மறுபடி வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் முழங்கால் வலி பாதி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணி. நான் காலையிலேயே தரையைப் பூசி முடித்துவிட்டு, பட்டறைக் கதவுக்குப் பின்னால், கேமராவில் படாமல் நின்றுகொண்டேன். திரையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். விழுந்ததில் முன்பல் இரண்டும் போய்விட்டன. வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினார். ஸ்கேன் வந்தது. என் மனைவி இரண்டு பல்லையும் திரையிலேயே உருவாக்கினாள். டீச்சரின் பழைய போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இடது பல்லை ஒரு மயிரிழை சாய்த்தாள். திரையில் டீச்சரின் முகத்தில் வைத்துக் காட்டினாள். இது என் பல்தான் என்றார் டீச்சர். சொல்லும்போது கையை வாயிலிருந்து எடுத்திருந்தார். முக்கால் மணி நேரத்தில் லைன் ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

அடுத்த வாரம் மூன்று பேருக்கு முன்பல் இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். பிறகு, லைன் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, யார் போட்டது என்று கேட்டார். எனக்கு மார்பு விரிந்தது. இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"எங்க வீட்டுக்காரர்தான். முதல் தடவை நடுவுல ஒட்டுப் போட்டுட்டாரு, சரியா வரல" என்றாள் என் மனைவி.

கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டேன். நான் பேசிப் பழகாத டாக்டரிடம், டீச்சரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, என் மானத்தை வாங்குகிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. தெருவுக்குக்கூடத் தெரியாத விஷயம். அவள் நிறுத்தவில்லை.

"அப்புறம் அவரே வந்து எங்கிட்ட சொன்னாரு. யாரும் கண்டுபிடிக்கல, டாக்டர். அவரே வந்து சொன்னாரு. தரையை உடைச்சுப் புதுசா போட்டாரு. அவரு சொல்லலைன்னா நான் இன்னைக்கு இங்க உக்காந்திருக்க மாட்டேன்."

அவள் குரலில் இருந்தது பெருமை. கலப்படமில்லாத பெருமை. இத்தனை வருஷமாக, நான் தப்பே செய்யாதவன் என்பதுதான் அவளுக்கு என்னிடம் பெருமை என்று நினைத்து, அதைக் கட்டிக் காப்பாற்றத்தான் பொய்கூடச் சொன்னேன். அவள் டாக்டரிடம் சொல்வதற்கு எடுத்து வைத்திருந்ததோ நான் கை கழுவுகிற இடத்தில் சுவரைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை. கண் கலங்கிவிட்டது. மறைக்க நேரமில்லை, டாக்டரம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்றார். சட்டை முழுக்கச் சிமெண்ட். அப்படியே போய் அவள் பக்கத்தில், திரைக்கு முன்னால் நின்றேன்.