இரண்டு லைன் போதும்

இறந்தவருக்குப் போய்ச் சேரட்டும் என்று எரிக்கும் காகித மாளிகையைத் துக்கக் கூடாரத்துக்குள் கொண்டுவர நாலு பேர் முக்கிக்கொண்டிருந்தார்கள். மாளிகையின் கூரை உயரம், கூடார வாசல் தாழ்வு. உள்ளே காகிதக் கார், காகித வேலைக்காரர்கள், மேசைமேல் சிவப்பாய் ஒரு காகிதத் தொலைபேசி. சவப்பெட்டியை மூடுவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று பூசாரி அவசரப்படுத்தினார்.

இறந்தவரின் தங்கை, சின்ன அத்தை, குனிந்து அந்த மேசையைப் பார்த்தாள்.

"இந்த போனுக்கு எத்தனை லைன்?" என்று காகிதக் கடைக்காரரைக் கேட்டாள், தெருவுக்கே கேட்கும்படி.

"எரிச்சா போய்ச் சேர்ந்துடும்க்கா. லைனெல்லாம் அங்கேயே குடுப்பாங்க."

"எதுக்கும் கியோக் சிம்மை ஒரு வார்த்தை கேட்டுக்கோ. லைன் விசயத்துல அவதான் கெட்டிக்காரி."

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டுக்குள் முகத்தை வைத்துச் சிரித்தார்கள். எந்தத் துக்க வீட்டிலும் சிரிப்பதற்கென்று ஊர் ஒரு ஆளைப் பிடித்துவிடும். இங்கே மகளைப் பிடித்திருந்தார்கள். கியோக் சிம் துக்கத்துக்கான சாக்குத்துணி உடுப்போடு தரையில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் எரிப்பதற்கான தங்கத்தாள் மடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டர்வொர்த்தில் அவள் அப்பா லிம் டெய்க் ஹுவாட்டின் ஐஸ் கடை என்றால் மீன் சந்தைக்கும் தெரியும், காப்பிக் கடைகளுக்கும் தெரியும். பழைய கம்பி லைன்களை எடுத்துவிட்டு டிஜிட்டல் லைன் வாங்க வேண்டிய நிலை வந்தபோது, விற்க வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவீர்கள்? கிழவர் அஞ்சு என்றார். விருந்து சீசனில் எல்லாரும் ஒன்றாகக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டவனுக்கு லைன் கிடைக்கவில்லை என்றால் அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்று கத்தினார். கணக்குப் படித்த மகள், இரண்டு போதும் என்று முடித்துவிட்டாள். "சும்மா கிடக்கிற லைனுக்கு எதுக்குப்பா காசு அழணும்?" என்றாள்.

அவள் கணக்கு தப்பும் இல்லை. சீன ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்குப் படைத்து வைக்கும் விருந்துகள் வரும்வரை இரண்டு லைனே தாராளமாக இருந்தது.

கிழவர் கைப்பேசியைத் தொடமாட்டார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது கடை நம்பர் ஒன்றுதான். வீட்டில் குழாய் உடைந்தாலும் கடைக்குத்தான் போடுவார், காய்ச்சல் வந்தாலும் கடைக்குத்தான் போடுவார். கடை லாரி ஆம்புலன்ஸைவிட சீக்கிரம் வரும் என்பது அவர் கட்சி. நெஞ்சு அடைத்த அன்றைக்கும் கடைக்கே போட்டார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது அவர் ரிசீவரை மார்பில் அணைத்தபடி தரையில் கிடந்தார். "கடைக்குப் போட்டேன், லைன் கிடைக்கல" என்றார். அதோடு உயிர் போய்விட்டது.

அந்த நேரத்தில் ஒரு லைனில் விருந்துக் குழுக்காரர் ஐஸ் மூட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மற்றதில் கியோக் சிம் பேசிக்கொண்டிருந்தாள், கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்ட அண்ணன் சின் லியோங்கோடு. அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு வீட்டை விற்பதைப் பற்றிய பேச்சு. அவளும் சிரித்துக்கொண்டே சரி சரி என்றாள். இது அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். ஊர் என்ன சொன்னாலும் அவள் தாங்கிக்கொள்வாள். இது அம்மா காதுக்குப் போனால் அம்மாவும் இல்லாமல் போவாள் என்பதுதான் அவள் பயம்.

சின் லியோங் பீர் நாற்றத்தோடு வந்து அவள் எதிரில் நின்றான். மூத்த மகன். ஊர்வலத்தில் ஊதுவத்திக் கலயம் சுமக்கப்போகிறவன். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் அவனுக்குக் குரல் வந்துவிட்டது.

"அஞ்சு லைன்னு அப்பா படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. கேட்டியா? இப்போ திருப்தியா?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். எப்படி வாய் கூசாமல் கேட்கிறான் என்று பற்றிக்கொண்டு வந்தது. அவன் கண்ணைச் சிமிட்டாமல் நின்றான். அவள் சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

நாற்காலியில் இருந்த அம்மா மெதுவாகக் கேட்டாள். "விடுடா அவளை. ஏன்டி, ஒண்ணுல விருந்துக்காரர்னு சொன்னே. இன்னொண்ணுல யாருடி?"

"மீன்காரர் ஒருத்தர்மா."

"பாவம், அவருக்கு என்ன அவசரமோ" என்றாள் அம்மா.

சின் லியோங் மூக்கைச் சிந்திக்கொண்டு அப்பால் போனான்.

மணி ஒலித்தது. பெட்டியை மூடும்போது குடும்பத்தார் யாரும் பார்க்கக்கூடாது. பூசாரி எல்லோரையும் வீட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். அம்மா கியோக் சிம்மின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபக்கம் சின் லியோங் வந்து ஒட்டி நின்றான். அவர்கள் முதுகுக்குப் பின்னால் முதல் ஆணி இறங்கியது. சின்ன அத்தை ஓவென்று அழுதாள்.

அந்த அழுகைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது என்று நினைத்துத்தான் சின் லியோங் சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்திருப்பான்.

"அன்னிக்கு போன்ல பேசிக்கிட்டிருந்தோமே, அந்த இல்லத்துல அப்பாவுக்குச் சொல்லிவெச்ச இடம். வேணாம்னு சொல்லிடாதே. அம்மாவுக்கு ஆகும்."

"இங்கேயா பேசுவே?" என்று அவள் பல்லைக் கடித்தாள். "சாயங்காலம் கடைக்கு போன் பண்ணு."

"லைன் கிடைக்குமா?" என்றான் அவன்.

அத்தையின் அழுகை எப்போதோ நின்றிருந்தது. கடைசி ஆணியும் இறங்கி முடிந்தது. தோளில் இருந்த கை இப்போது இல்லை என்பது கியோக் சிம்முக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பலாம் என்றார் பூசாரி. எல்லோரும் பெட்டியின் பக்கம் திரும்பினார்கள். அம்மா மட்டும் இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றிக்கொண்டு, சுவரையே பார்த்தபடி நின்றாள்.