ராகுலன் கேட்ட மூன்று போல்ட்டுகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பகவதியின் நட்டு போல்ட்டுக் கடைக்கு ராகுலன் எட்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தான். வெள்ளவத்தையில் வீடு, வங்கியொன்றில் வேலை. நுகேகொடையில் யாரோ கொட்டகைக்குள் போட்டு மறந்திருந்த 1957ஆம் ஆண்டு ஒஸ்டின் கேம்ப்ரிட்ஜ் காரை வாங்கிப் பழையபடி ஆக்கிக்கொண்டிருந்தான். கழற்றிய போல்ட்டுகளை மேசையில் வரிசையாக வைத்து, "இதே மாதிரி வேணும் அக்கா" என்பான். மரை பொருந்தினாலும் தலை ஒரு நூல் பெரிதென்றால் வேண்டாம் என்று தள்ளிவிடுவான்.

பகவதிக்கு அது பிடித்திருந்தது. மற்றவர்கள் இறுகினால் போதும் என்று மில்லிமீட்டர் போல்ட்டைப் பழைய இங்கிலீஷ் நட்டுக்குள் திணித்து மரையைக் கெடுப்பார்கள். இவன் அப்படியில்லை. ஸ்டியரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகளுக்காக அவளும் ஆறு வாரம் தேடினாள். கடைசியில் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் விற்கும் ஹாஷிமிடம் கிடைத்தன. உரமான எஃகு. அதற்கு அடையாளமாகத் தலையில் ஆர் என்ற எழுத்து. நட்டு கழன்றுவிடாமல் கம்பிப் பின் மாட்ட நுனியில் ஓட்டை.

ஒருமுறை அவனோடு மனைவி சுபோதினியும் வந்திருந்தாள்.

"என்னைவிட இந்தப் போல்ட்டுகளைத்தான் இவர் கவனமாப் பாக்கிறவர்" என்று சிரித்தாள். ராகுலன் சிரிக்கவில்லை. கார் முடிந்ததும் தான் தனியாகவே பண்டாரவளைக்கு, அக்கா வீட்டுக்கு ஓட்டிப் போகப்போவதாகவும் சொன்னாள். "இவருக்கு மலை றோட்டு ஒத்துவராது."

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ராகுலன் வந்து நின்றான். அது அவன் வரும் நாளல்ல. கையில் ஒன்றும் இல்லை.

"அக்கா, அந்த ஸ்டியரிங் போல்ட்டு அளவில இன்னும் மூண்டு வேணும். சாதா இரும்பில."

"சாதா இரும்பா? நான் குடுத்தது என்னாச்சு தம்பி?"

"அது இருக்கு. இது வேற இடத்துக்கு."

"எந்த இடத்துக்கு?"

"சீட்டுக்கு" என்றான். பிறகு, "தலையில அந்த எழுத்து இருக்கோணும். நுனியில ஓட்டையும்" என்றான்.

சீட்டுப் போல்ட்டின் தலையில் என்ன எழுத்து இருக்கிறதென்று யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? நுனியில் ஓட்டை எதற்கு? பகவதி அவன் முகத்தைப் பார்த்தாள். எப்போதும்போல அமைதியாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பினாள்.

அவன் போன பிறகு அவள் யோசித்துப் பார்த்தாள். சாதா இரும்பில் செய்த போல்ட்டு கொழும்பு றோட்டில் தாங்கும். மலை வளைவில் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும்போது அறுந்துவிட்டால் ஓட்டுகிறவர் கையில் ஒன்றும் மிஞ்சாது. பிறகு எவர் வந்து பார்த்தாலும் தலையில் சரியான எழுத்து இருக்கும்.

புறக்கோட்டையில் வேறு கடை வைத்திருந்த கணவன் கண்ணப்பனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள்.

"நமக்கு எதுக்கு வம்பு? இல்லைன்னு சொல்லி அனுப்பிடு."

"நான் இல்லைன்னா வேற எங்கயாவது பத்து நிமிஷத்துல வாங்கிடுவான்."

"அப்ப குடுத்துடு. கேட்டதைக் குடுக்கிறதுதானே யாவாரம்?"

பகவதி போனை வைத்தாள். உள்ளே போய் அதே அளவில், நுனியில் ஓட்டை இல்லாத, வேறு கம்பெனியின் உரமான எஃகுப் போல்ட்டு மூன்றை எடுத்தாள். தலையிலிருந்த அடையாளங்களைத் தானே சாணைக்கல்லில் தேய்த்தாள். பக்கத்து ஒழுங்கையில் லேத் வைத்திருக்கும் மெல்ரோய் நுனியில் ஓட்டை போட்டு, தலையில் ஆர் எழுத்தை அடித்துக் கொடுத்தான். சாதா இரும்பில் நாலாவதாக ஒன்றையும் அதே மாதிரிச் செய்யச் சொன்னாள்.

"நல்ல போல்ட்டை ஏன் அக்கா பாழாக்கிறீங்க?" என்று மெல்ரோய் கேட்டான். அவள் காசை எண்ணிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ராகுலன் வந்தான்.

"சாதா இரும்புதானே?"

பகவதி நாலாவது போல்ட்டை வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் இரண்டு அடி அடித்தாள். அது முருங்கைக்காய்போல வளைந்து நின்றது. ராகுலன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மற்ற மூன்றில் ஒன்றை எடுத்தான்.

"இதையும் ஒருக்கா அடிச்சுப் பாப்பம்."

பகவதி சுத்தியலைக் கீழே வைத்தாள். "வளைஞ்சா அப்புறம் ரெண்டுதான் இருக்கும் தம்பி. மெல்ரோய் ஊருக்குப் போயிட்டான். இனித் திங்கக்கிழமைதான்."

"திங்கக்கிழமை சரிவராது. ஞாயித்துக்கிழமை அவ பண்டாரவளைக்கு வெளிக்கிடுறா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே தெரிந்தது. போல்ட்டைக் கடதாசியில் சுற்றும்போது ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் பில் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, அவன் வங்கியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பில்லிலிருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு பகவதி வெள்ளவத்தைக்குப் போனாள். சுபோதினி கேட்டைத் திறந்தாள். போர்ட்டிக்கோவில் கரும்பச்சைக் கார் முகம் பார்க்கலாம்போல் பளபளத்தது. அதன் பக்கத்தில் நின்றபடியே பகவதி ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சுபோதினி அழவில்லை. பொய் என்று சண்டைக்கும் வரவில்லை. அதுதான் பகவதிக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

"போன மாசம் கீசர் சுவிச்சில கையை வச்சன், கரண்ட் தூக்கி எறிஞ்சுது. அதுக்கு முதல் நாள்தான் அவர் வயர் மாத்தினவர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல" என்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப இந்தக் காருக்கு இனிப் பயமில்லையோ அக்கா?"

"நான் குடுத்த மூணும் தாங்கும். மத்ததெல்லாம் அவர் பூட்டினது. அதை நான் எப்படிச் சொல்ல?"

சுபோதினி காரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அரை மணித்தியாலத்தில் ஒரு பையோடு வெளியே வந்தாள். பகவதிதான் அவளைப் பண்டாரவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. ராகுலன் வழக்கமான நேரத்துக்கு வந்தான். போனை எடுத்து மேசையில் வைத்தான். அவன் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் குடையோடு பகவதி நிற்கும் படம்.

"கேட்டுக்கு மேல கமெரா பூட்டினனான் அக்கா. நல்லாத் தெளிவா விழுந்திருக்கிறியள்."

பகவதி பில் புத்தகத்தை மூடினாள்.

"நேற்றுப் பின்னேரம் அந்த மூண்டையும் கழட்டிப் பாத்தன். நல்ல எஃகு. தலையை மட்டும் தேச்சிருக்கிறியள்." அவன் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "நீங்களும் உங்கட அவரும் கடைக்கு வாற வெள்ளை வான் இரவில பின் ஒழுங்கையிலதானே நிக்கிறது?"

போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சுபோதினி திரும்பி வரவில்லை. கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் நஸ்லா என்ற சட்டத்தரணியை வைத்து விவாகரத்துக்கு வழக்குப் போட்டாள். ராகுலன் ஏன் அப்படிச் செய்தான் என்று பகவதி போனில் கேட்டபோது, "எனக்கும் தெரியாது. கேக்கவும் பயமாயிருக்கு" என்றாள். பகவதி நடந்ததைச் சத்தியக்கடதாசியாக எழுதித் தர வேண்டும் என்று நஸ்லா கேட்டாள். கோர்ட்டு வாசலை மிதிக்கவே வேண்டாம் என்று கண்ணப்பன் ஒரேயடியாகச் சொல்லிவிட்டான். பகவதியும் இன்று நாளை என்று இழுத்தாள்.

ஆனால் காலையில் கடைக்குப் போக அந்த வெள்ளை வானில் ஏறும் முன்னால் நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் விரலால் தொட்டுப் பார்க்காமல் அவள் ஏறுவதில்லை. கண்ணப்பன் முதலில் சிரித்தான். பிறகு சலித்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, முன் சக்கரத்தில் ஒரு நட்டு அவள் விரலோடு சேர்ந்து சுற்றியது. அதற்கடுத்ததும் சுற்றியது.

கண்ணப்பன் பக்கத்தில் குனிந்து பார்த்தான். ஸ்பேனரை எடுத்து எல்லாச் சக்கரங்களையும் இறுக்கி முடித்தான். பிறகு, "இன்னைக்கு ரெண்டு கடையையும் நான் பாத்துக்கிறேன். நீ புதுக்கடைக்குப் போ. பஸ்லயே போ" என்றான்.

நஸ்லாவின் அறையில் பகவதி அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். தட்டச்சு செய்த கடதாசியை வாசித்துப் பார்த்தாள்.

"இதை அவரும் பாப்பாரா மேடம்?"

"ஓம். ஒரு பிரதி அவருக்கும் போகும்."

பகவதி பேனையை வாங்கி, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தாள்.