எட்டு கிராம் மணப்பெண்

ஆவணி மாதம் என் கன்னி ராசித் தங்க நாணயத்துக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை, பொள்ளாச்சி வசந்தாமணியிடம் இருந்த தனுசு. பெண் எட்டு கிராம், மாப்பிள்ளையும் எட்டு கிராம். இருவரும் இருபத்து நாலு காரட். இதைவிட நல்ல இடம் அமையாது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

என்னிடம் பன்னிரண்டு ராசிகளும் இருந்தன. மேஷத்தில் ஆரம்பித்து வருஷத்துக்கு ஒன்றிரண்டாகச் சேர்த்தது. போனஸ் வந்தபோது ரிஷபம் வந்தது, ஸ்கூட்டரை விற்றபோது சிம்மம் வந்தது. மீனம் வாங்குவதற்காக ஒரு வருஷம் மீன் வாங்காமல் இருந்தேன். கடைசியாகக் கிடைத்தவள் கன்னி. கையில் நெற்கதிர் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்பாள். கோயம்புத்தூரில் எந்தக் கடைக்கு வந்தாலும் வந்த அன்றே தீர்ந்துவிடுவாள். முழு செட்டாகக் கொடுத்தால் தங்கத்தின் விலையைப் போல ஒன்றரை மடங்கு தருவதாக நாணயக் கடைக்காரர் ஒருவர் சொல்லி வைத்திருந்தார். பதினொன்று என்றால் வெறும் தங்கம், பன்னிரண்டு என்றால் செட். இந்த வித்தியாசம் என் அண்ணன் கதிர்வேலுக்கு என்றைக்குமே புரிந்ததில்லை. அவர் பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

“தங்கம் என்னடா, குட்டியா போடும்?” என்பார். “அந்தக் காசுக்கு ஒரு லேத் வாங்கியிருந்தா மாசாமாசம் வருமானம் வந்திருக்கும்.”

நான் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடிவிடுவேன். நாற்பத்தோரு வயதாகியும் கல்யாணமாகாத தம்பியிடம் வேறு எதைப் பேசுவதென்று அவருக்கும் தெரியவில்லை.

விஷயம் ஆரம்பித்தது நாணயம் சேர்ப்போர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில். நானும் வசந்தாமணியும் எதிரெதிர் மேஜை. அவர் பொள்ளாச்சியில் கயிறு மில் நடத்துகிறார், அவரிடமும் பன்னிரண்டும் உண்டு. இரண்டு டப்பாக்களும் ஒரு மணி நேரம் திறந்தே இருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தேன், கன்னி நெற்கதிரைக் கீழே இறக்கியிருந்தாள். மறுநாள் முகம் தெற்கே திரும்பியிருந்தது. கோயம்புத்தூரிலிருந்து தெற்கே போனால் பொள்ளாச்சி. வயசு அப்படி என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் வசந்தாமணியே போன் செய்தார்.

“உங்க கன்னி எப்படி இருக்குதுங்க?”

“கதிரை இறக்கிட்டாளுங்க.”

“எங்க தனுசு வில்லைக் கீழ வெச்சுட்டானுங்க,” என்றார். அதற்குமேல் எதையும் சுற்றி வளைக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரட்டுங்களா?”

அண்ணி கேசரி கிண்டினார். பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்கப் போன நான் சந்தோஷத்தில் ஒரு தாரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வசந்தாமணி மாப்பிள்ளையை அரக்கு நிற வெல்வெட் பெட்டியில் வைத்து அழைத்து வந்தார். அண்ணன்தான் பெரியவர் என்பதால் பேச்சை ஆரம்பித்தார்.

“மாப்பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழ குதிரைன்னு சொன்னாங்க.”

“ஆமாங்க. சொந்தமா வண்டி இருக்கற மாதிரிதானுங்க.”

அந்தப் பதில் அண்ணனுக்குப் பிடித்திருந்தது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். “பொண்ணுக்கு எத்தனை பவுன் எதிர்பாக்கறீங்க?”

“பொண்ணே ஒரு பவுனுங்களே,” என்றார் வசந்தாமணி. “அதுக்கு மேல நாங்க எதுக்குங்க கேக்கறோம்?”

பிறகு கன்னியை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தார். இரண்டு விரலால், விளிம்பில் மட்டும் பிடித்து. நாணயம் சேர்க்கிறவர்களிலேயே பாதிப் பேர் எடுத்ததும் முகத்தில் கட்டைவிரலை வைத்துவிடுவார்கள். ரேகை பதிந்தால் பதிந்ததுதான், தங்கத்தின் முகம் அவ்வளவு மிருது. இவர் விரல் முகத்தின் பக்கமே போகவில்லை. மறைப்பானேன், அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

அதற்குப் பிறகு கல்யாண ஏற்பாடு பற்றி தினமும் போனில் பேசினோம். மண்டபம், சமையல், பத்திரிகை என்று ஆரம்பித்து, நாலாம் நாளே அவருக்கு மழையில் நனையப் பிடிக்கும், எனக்குத் தும்மல் வரும் என்பதில் வந்து நின்றோம். போன் அடித்தால் குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடி வந்தேன். கடைசியில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், வசந்தாமணியை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன், அவருக்கும் சம்மதம்தான் என்று.

அண்ணன் பட்டறைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“உன் பொண்ணு கல்யாணத்துக்கப்புறம் அவங்களை என்னன்னு கூப்பிடுவா?”

“அத்தைன்னு.”

“பொண்ணுக்கு அத்தைன்னா, உனக்கு யாருடா?”

“தங்கச்சி,” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

“முறை வராதே, சிகாமணி. நீ முந்திக்கிட்டு அவங்களைக் கட்டினாலும் அதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி ஆயிரும். ரெண்டு ஜோடில ஒண்ணுதான்.”

இதையே வசந்தாமணியும் பொள்ளாச்சியில் உட்கார்ந்து யோசித்திருந்தார். உக்கடம் பேக்கரியில் சந்தித்தோம். அவர் கைப்பையில் தனுசு, என் சட்டைப்பையில் கன்னி.

“சின்னஞ்சிறுசுகளுங்க,” என்றார். “நாமதான் விட்டுக் குடுக்கணும்.”

ஒரு தேங்காய் பன்னை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சரிங்க என்றேன். சட்டைப்பையில் ஏதோ அசைந்தது போலிருந்தது.

நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், குங்குமம், நடுவில் இரண்டு நாணயங்கள். நாங்கள் கூடத்தில் முகூர்த்தத் தேதி பேசிக்கொண்டிருந்தோம். அண்ணி தாம்பாளத்தை எடுக்கத் திரும்பினால் நாணயங்கள் இல்லை. குங்குமத்தில் உருண்டு போயிருக்கிறார்கள். மொசைக் தரையில் இரண்டு சிவப்புக் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டியபடி கூடத்தைக் கடந்து, வாசற்படி இறங்கி, தெருவில் திரும்பி, பஸ் ஸ்டாப் வரை போயிருந்தன. பெரியவர்கள் சம்மதித்த கல்யாணத்திலிருந்து ஓடிப்போவது எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும்தான் தோன்றும். பேக்கரியில் நாங்கள் பேசியதை இரண்டு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

அண்ணன்தான் முதலில் தொடையில் தட்டினார்.

“ஓடிப்போன கல்யாணத்துக்கு சம்பந்தி ஏது? ரெண்டு பேரும் தலைமுழுகிருங்க. பொண்ணே இல்லைன்னு ஆயிட்டா தங்கச்சியும் இல்ல!”

தலைமுழுகினால் தேடக் கூடாது, திரும்பி வந்தாலும் என் பெண் என்று சொல்லிக்கொள்ள முடியாது. செட் பதினொன்றாகிவிடும். இத்தனை வருஷம் நான் சேர்த்தது வெறும் தங்கமாகிவிடும். அந்த ஒன்றரை மடங்கு என் கண் முன்னால் ஒரு தரம் வந்து போனது. நிமிர்ந்து பார்த்தேன். வசந்தாமணி ஏற்கெனவே கொண்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வாளி எங்கே என்று கேட்டேன். கொல்லையில் அண்ணன் எனக்கு ஊற்றினார், அண்ணி வசந்தாமணிக்கு ஊற்றினார். எனக்குத் தும்மல் வந்தது. வசந்தாமணி ஈரத்தலையோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். வாழ்க்கையில் அப்படி ஒரு காலம் இருக்கிறது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவளுடைய பதினொன்றும் என்னுடைய பதினொன்றும் ஒரே பீரோவில் இருந்தன. காலையில் தங்கம் என்ன விலை என்று யார் முதலில் பார்ப்பது என்று அடித்துக்கொள்வோம். ஏறினால் அவள் பால் பாயசம் வைப்பாள், இறங்கினால் நான் வைப்பேன். அதனால் தினமும் பாயசம் இருந்தது. மழை வந்தால் அவள் நனைவாள், நான் துண்டோடு நிற்பேன். கன்னி, தனுசு என்ற பெயர்களை மட்டும் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. டிவியில் ராசிபலன் சொல்லும்போது அந்த இரண்டுக்கும் சத்தத்தைக் குறைத்துவிடுவோம்.

அடுத்த வருஷம் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறியிருந்த நேரம், கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தரையோடு தரையாக, கணுக்கால் உயரத்திலிருந்து வந்த சத்தம். இருவரும்தான் போய்த் திறந்தோம். வாசற்படியில் கன்னியும் தனுசும் விளிம்பில் நின்றிருந்தார்கள். அவளிடம் நெற்கதிர் இல்லை, அவனிடம் வில் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, ஒரு பொடிசு.

உள்ளே கூப்பிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வசந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மழைக்கென்று வைத்திருக்கும் துண்டு அந்த வெயிலிலும் என் தோளில் இருந்தது.

“குழந்தை வெயில்ல நிக்குது,” என்றாள்.

நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

“உள்ள வாங்க கண்ணுகளா!” என்று வசந்தாமணி குனிந்து குழந்தையை எடுத்தார், விளிம்பில் பிடித்து. பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணா, தராசைக் கொண்டாங்க, சீக்கிரம்!”

“இதோ வந்துட்டேன் தங்கச்சி,” என்று ஓடினேன்.

கன்னி எட்டு கிராம். தனுசு எட்டு கிராம். ஒரு மில்லிகூடக் குறையவில்லை. குழந்தை அரை கிராம். அண்ணனுக்குப் போன் செய்தேன். பட்டறை உடுப்போடு வந்து, கண்ணாடியைக் கழற்றிப் போட்டு, குழந்தைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

“போட்டிருச்சேடா!” என்று கத்தினார். “குட்டி போட்டிருச்சேடா!”

தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தோம். இரண்டு பக்கமும் பன்னிரண்டு பன்னிரண்டாக நிறைந்துவிட்டது. நாணயக் கடைக்காரர் செய்தி கேள்விப்பட்டு அவராகவே போன் செய்தார். குழந்தைக்கு முகம் இன்னும் பதியவில்லை. மூன்று மாதத்தில் பதிந்துவிடும், பதிந்த பிறகுதான் யார் ஜாடை என்று சொல்ல முடியும். அன்று சாயங்காலம் என் தலையணையையும் பாயையும் எடுத்து முன்னறையில் போட்டுக்கொண்டேன்.

தங்கச்சிக்கு ஒரு நல்ல இடம் பார்க்கும் பொறுப்பு இப்போது அண்ணன் முறையில் என்மேல் வந்திருக்கிறது. நேற்று தரகர் வந்திருந்தார். பெண் எப்படி என்று கேட்டார். கயிறு மில் இருக்கிறது, பன்னிரண்டு ராசியும் இருக்கிறது, பாயசம் நன்றாக வைப்பார் என்றெல்லாம் பிறகுதான் சொன்னேன். முதலில், நாணயத்தை விளிம்பில்தான் பிடிப்பார் என்று சொன்னேன்.

மாப்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று தரகர் கேட்டார். தங்கச்சி மழையில் நனைந்தால் துண்டோடு நிற்கிறவராக இருக்க வேண்டும் என்றேன்.